சுல்தானுக்கு வந்த விக்கல்

அன்று காலை எட்டே கால் மணிக்கு, ஆழ்வார்பேட்டை மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த பதினேழு காகங்கள் ஒரே நேரத்தில் பறந்து ஓடின. ஒன்று மட்டும் மயங்கி விழுந்தது. சரி, விழவில்லை. விழப்போகிற மாதிரி ஆடியது.

காரணம், சுல்தானுக்கு விக்கல் வந்துவிட்டது.

சுல்தான் என்றதும் தலையில் கிரீடம், இடுப்பில் வாள் என்று நினைத்துவிடாதீர்கள். சுல்தான் ஒரு சிவப்புக் கார். ரூஹியின் அம்மா சகினாவுடையது. அதற்குத் திறந்து மூடும் கண்ணாடிக் கூரை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அது டர்போ வண்டி.

மெரினாவில் சோளம் சுடுகிறவர்கள் அடுப்பை விசிறுவதைப் பார்த்திருப்பீர்களே? விசிற விசிறக் கங்கு செக்கச்செவேல் என்று பற்றிக்கொள்ளும். டர்போவும் அப்படித்தான். என்ஜினுக்குள் கூடுதல் காற்றை ஊதித் தள்ளுகிற குட்டி விசிறி. அது ஊதினால் சுல்தான் சிங்கம் மாதிரி பாயும்.

ஆனால் அன்று சிங்கம் பாயவில்லை. விக்கியது.

“டுர்ர்ர்... டுக்! டுர்ர்ர்... டுக்! டுக்!”

“அம்மா, சுல்தானுக்கு என்ன ஆச்சு?” என்று ரூஹி இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு.

“தெரியலடி. மிதிச்சா இழுக்க மாட்டேங்குது. பெட்ரோல் போடக் கிளம்பினது தப்பாப் போச்சு” என்றார் சகினா.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. என்ஜின் படம் போட்ட விளக்கு. காரும் முன்னும் பின்னும் ஆடியது. ரூஹியின் தலை, கோயில் மாட்டின் தலை போல ‘ஆமாம், ஆமாம்’ என்று தானாக ஆடியது.

பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னாக்கா, வண்டிய ஓட்றியா, தாலாட்றியா?”

சகினா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். மேம்பாலத்தை எப்படியோ கடந்து, திரும்பி, மாட்டுவண்டி வேகத்தில் மந்தைவெளி வந்து சேர்ந்தார்கள். வழியில் ஒரு நடைப்பயிற்சிக்காரர் அவர்களை இரண்டு முறை முந்திச் சென்றார். எப்படி இரண்டு முறை என்று என்னைக் கேட்காதீர்கள்.

குடியிருப்பின் வாசலில் துரைராஜ் மாமா காத்துக்கொண்டு நின்றார்.

துரைராஜ் மாமா முதல் மாடியில் இருக்கிறார். மாநகரப் பேருந்தில் கண்டக்டர். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று பேச்சு. வீட்டுக்கு நான்கு விருந்தாளிகள் வந்தால், “உள்ள போ, உள்ள போ, எடம் கீது!” என்றுதான் வரவேற்பார்.

அன்று மாலை டி. நகர் மண்டபத்தில் அவர் மகள் நிஷா அக்காவின் திருமண வரவேற்பு. ஐந்து மணிக்கு சுல்தானில்தான் கிளம்புவதாக ஏற்பாடு. மூன்று மணிக்குக் காரைப் பூவால் அலங்கரிக்க ஆள் வரப்போகிறார். நேற்று மாலையே மாமா சகினாவிடம் சாவியை வாங்கி, அதிகாலையில் எழுந்து, சுல்தானைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். எவ்வளவு பளபளப்பு என்றால், எதிர்வீட்டுப் பூனை அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் சண்டை போட்டது.

“இன்னாம்மா ரூஹி, வண்டி இன்னாத்துக்கு இப்படி குதிச்சிக்கினு வருது?” என்றார் மாமா.

“விக்கல் மாமா” என்றாள் ரூஹி.

மாமாவின் முகம் சுருங்கியது.

“அண்ணே, பயப்படாதீங்க. பார்த்துடலாம்” என்றார் சகினா.

“சாயந்தரத்துக்குள்ள ஆயிடுமா தங்கச்சி?” மாமா விசிலைக் கையில் உருட்டினார். “இருவத்தாறு வருசமா இந்த ஊரையே ஏத்தி எறக்கிக்கினு கீறேன். என் பொண்ண நிம்மதியா உக்கார வச்சி ஒரு நாளும் இட்டுக்கினு போனதில்ல. கூட்டத்துல கம்பியப் புடிச்சிக்கினே வளந்துட்டா. இன்னிக்கு ஒரு நாளாச்சும் உக்கார வைக்கணும்னு...”

மாமா முடிக்கவில்லை. அவர் பேச்சு பாதியில் நின்று ரூஹி பார்த்ததே இல்லை.

மாடியிலிருந்து நிஷா அக்கா எட்டிப் பார்த்தாள். தலையில் துண்டு, கை நிறைய மருதாணி. ரூஹிக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். “நைனா! அழுவாத! வண்டி இல்லன்னா ஆட்டோ. ஆட்டோ இல்லன்னா ரூஹி சைக்கிள்ல பின்னால குந்திக்கினு போறேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினார்.

அதற்குள் மூன்றாம் மாடி நெடுஞ்செழியன் அங்கிள் இறங்கி வந்துவிட்டார். எங்கே ஒரு கார் மூடி திறந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்க்கும். வீடியோ பார்த்துப் பார்த்தே விமானம் ஓட்டத் தெரிந்துகொண்டவர் அவர். ஓட்ட ஒரு விமானம் கிடைக்காததுதான் குறை.

“ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார். “டர்போ போச்சு.”

“ஐயோ!” என்றார் மாமா.

“முழு என்ஜினையும் கீழே இறக்கணும். பத்து நாள் ஆகும். நான் ஒரு வீடியோ அனுப்புறேன், பாருங்க. இரண்டு மணி நேர வீடியோதான்.”

“அங்கிள், டர்போ போனா விசில் மாதிரி சத்தம் வரும்னு அம்மா சொல்லியிருக்காங்க. இது விக்குதே?” என்றாள் ரூஹி.

“அது... இது வேற மாதிரி டர்போ” என்றார் நெடுஞ்செழியன் அங்கிள்.

சகினா வண்டியை அணைத்தார். மெக்கானிக் மெஹபூப் அலிக்குப் போன் செய்தார். அவரோ ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னணியில் பாத்திரச் சத்தம் கேட்டது. “திங்கக்கிழமை வந்துடறேன்க்கா!” என்று சொல்லிவிட்டு அவர் பிரியாணிக்குத் திரும்பிவிட்டார்.

“சரி, நாமளே பார்ப்போம்” என்று சகினா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

சகினா தரமணியில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கையில் ஸ்பேனர்தான் இருக்கும். ரூஹியின் அத்தா தௌசீஃப் இதற்கு நேர்மாறு. திருவல்லிக்கேணியில் அத்தர் கடை வைத்திருக்கிறார். கார் டயர் எந்தப் பக்கம் சுற்றும் என்றுகூட அவருக்குச் சந்தேகம் உண்டு. தினமும் அந்தக் காரில்தான் கடைக்குப் போவார். அதனால் சுல்தான் எப்போதும் மணக்கும். தெருவில் சுல்தான் போனால் அடுத்த தெருக்காரர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள்.

சகினா தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புக் கருவியை எடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த துளையில் செருகினார். அதுதான் ஸ்கேனர். காருக்கு எங்கே வலிக்கிறது என்று காரிடமே கேட்டு, செல்போனில் சொல்லிவிடும்.

ரூஹி போனைப் பார்த்துப் படித்தாள். “இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்.”

“அப்படின்னா இன்னாம்மா?” என்றார் மாமா.

“மாமா, சுல்தானுக்குள்ள மூணு சிலிண்டர் இருக்கு. வீட்டு காஸ் சிலிண்டர் இல்ல, இரும்புக் குழல். பெட்ரோலும் காத்தும் உள்ள போகும். மேல இருந்து ஒரு பொறி விழும். டம்முனு வெடிக்கும். ஒண்ணு டம், ரெண்டு டம், மூணு டம். இப்ப ரெண்டாவது ஆள் சரியா வெடிக்க மாட்டேங்குறான். டம், ஊஹூம், டம்!”

“டிக்கெட் எடுக்காத பார்ட்டி!” என்றார் மாமா. அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

சகினா என்ஜினின் மேல் வரிசையாக நின்ற மூன்று கறுப்புக் கட்டைகளைக் காட்டினார். “இதுதான் காயில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒண்ணு. பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை இதுதான் அனுப்புது. கீழே பிளக் இருக்கு. பொறி அங்கதான் வரும். ரெண்டாவது காயில் போயிருக்கும்னு நினைக்கிறேன். புதுசு வாங்கணும்.”

“ஞாயித்துக்கிழமை. எந்தக் கடை தொறந்திருக்கும்?” என்றார் மாமா.

ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. சகினா ஒன்பது கடைக்குப் போன் செய்தார். எட்டுக் கடைகளில் மணி மட்டும் அடித்தது. ஒன்பதாவதில் ஒரு குழந்தை எடுத்து, பாட்டுப் பாடிவிட்டு வைத்துவிட்டது.

ரூஹி மூன்று காயில்களையும் பார்த்தாள். மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அச்சு.

“அம்மா, ரெண்டாவது காயில்தான் தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?”

“போன்ல ரெண்டுன்னு வருதே.”

“ரெண்டாவது இடத்துல தப்புன்னுதானே வருது? அங்க உட்கார்ந்திருக்கிறவன்தான் தப்புன்னு வரலயே.”

சகினா நிமிர்ந்து பார்த்தார்.

ரூஹிக்குப் போன மாதம் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வந்திருந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ‘கீச்... கீச்’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. “ரூஹி, நீதானே!” என்று சுலோச்சனா மிஸ் அவளை வெளியே நிற்க வைத்தார். நாற்பது நிமிடம். நடைபாதையில் போன எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவன் திரும்பி வந்தும் பார்த்தான்.

மறுநாள் மிஸ் ரூஹியை முதல் பெஞ்சுக்கும், முதல் பெஞ்சில் இருந்த ஆயத் என்ற பெண்ணை மூன்றாவது பெஞ்சுக்கும் மாற்றினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ‘கீச்’. முதல் பெஞ்சில் இல்லை, மூன்றாவது பெஞ்சில்! ஆயத் அழ ஆரம்பிப்பதற்குள் மிஸ் பெஞ்சைத் திருப்பிப் பார்த்தார். ஓர் ஆணி ஆடிக்கொண்டிருந்தது. மிஸ் ரூஹியிடம் சாரி சொன்னார். ஆனால் அந்த நாற்பது நிமிடம் ரூஹிக்கு மறக்கவில்லை.

“இடம் மாத்தி உட்கார வைப்போம்மா” என்றாள் ரூஹி. “ரெண்டாவது காயிலை மூணாவது இடத்துல போடுங்க. மூணாவதை ரெண்டுல போடுங்க. விக்கல் மூணுக்குப் போனா, காயில்தான் குறும்புக்காரன். ரெண்டுலயே இருந்தா, அவன் பாவம், ஒண்ணும் பண்ணல.”

சகினா ஒரு நொடி யோசித்தார். பிறகு மகளின் கன்னத்தைக் கிள்ளினார். கன்னத்தில் கறுப்பாகக் கிரீஸ் ஒட்டியது. “இதுக்கு எதுக்குக் கடை? வா!”

“இதை நானே சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் நெடுஞ்செழியன் அங்கிள்.

என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார்கள். சூடான என்ஜினில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரிதான். ஆறிய பிறகு சகினா இரண்டு காயில்களையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினார். ரூஹி ஒவ்வொரு திருகாணியையும் ஒரு கிண்ணத்தில் பத்திரமாக வைத்துக் கொடுத்தாள்.

“மாமா, ரைட் குடுங்க!”

மாமா இரண்டு விசில் அடித்தார். சகினா சாவியைத் திருப்பினார்.

“டுர்ர்... டுக்! டுர்ர்... டுக்!”

ரூஹி போனைப் பார்த்தாள். “ரெண்டு. மறுபடியும் ரெண்டுதான்.”

மாமா ஒற்றை விசில் அடித்தார். பேருந்தில் அதற்கு ‘நிறுத்து’ என்று அர்த்தம். சகினா நிறுத்தினார். விக்கும் வண்டியை அதிக நேரம் ஓட விடக்கூடாது, புகைக்குழாய் கெட்டுவிடும் என்றார்.

“காயில் நல்லவன். விட்டுடலாம்” என்றாள் ரூஹி. “அடுத்து பிளக்.”

மறுபடி ஆறக் காத்திருந்து, பிளக்குகளையும் இடம் மாற்றினார்கள். மணி பன்னிரண்டரை. இரண்டு விசில். சாவி.

“டுக்!”

“ரெண்டு” என்றாள் ரூஹி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மாமா மெல்ல மாடிப்படியில் உட்கார்ந்தார். “போதும் தங்கச்சி. நீங்க ரெண்டு பேரும் சாப்புடக்கூட இல்ல. நான் ஒரு ஆட்டோவ சொல்லிடறேன். வாழ்க்கைல எல்லாமா நடக்குது?”

“கால் மணி நேரம் மாமா” என்றாள் ரூஹி. “பையன மாத்தியாச்சு. பக்கத்துப் பையனையும் மாத்தியாச்சு. இன்னும் பெஞ்சைத் திருப்பிப் பாக்கலயே!”

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கால் மணி நேரம் கொடுத்தார்.

ரூஹி ஒரு ஸ்டூலில் ஏறி நின்றாள். சகினா, “எதையும் தொடாதே, பார்க்க மட்டும் செய்” என்றார். ரூஹி குனிந்து பார்த்தாள். இரண்டாவது இடத்தில் என்னதான் இருக்கிறது? ஒரு குழி. குழியில் காயில். காயிலுக்கு வருகிற ஒயர். ஒயரின் முனையில் ஒரு கறுப்புக் கிளிப்.

குனிந்தபோது மூக்கில் ஒரு வாசனை ஏறியது. சந்தனம்.

சுல்தானில் சந்தன வாசனை அதிசயமில்லை. அத்தாவின் அத்தர்தான் இருக்கிறதே. அதனால்தான் காலையிலிருந்து யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அத்தா உட்காருவது காருக்குள். என்ஜினுக்குள் இல்லையே! சொல்லப்போனால், என்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

“அம்மா, அந்தக் கிளிப்பைக் கழட்டுங்களேன்.”

சகினா லேசாகத் தொட்டதுமே கிளிப் கையோடு வந்துவிட்டது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய குட்டிப் பூட்டு உடைந்திருந்தது. இடம் மாற்றும்போது இரண்டு முறை கழற்றி மாட்டியும், அதன் வாய்க்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ரூஹி போன் டார்ச்சை அடித்தாள்.

உள்ளே, மின்சாரம் பாயவேண்டிய இடத்தில், மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. மஞ்சளின் நடுவே கடுகளவு சிவப்பு.

சந்தனமும் குங்குமமும்.

ரூஹி தலையைத் திருப்பினாள். துரைராஜ் மாமா படியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அவரது வலது கை மோதிர விரலின் நகத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. அவர் கண்கள் அந்தக் கிளிப்பின் மேலேயே இருந்தன. வாய் பாதி திறந்திருந்தது.

“என்ன, என்ன கிடைச்சுது?” நெடுஞ்செழியன் அங்கிள் முன்னால் வந்தார். “எவனோ கிளிப்பைக் கழட்டி நோண்டியிருக்கான்! யார் அந்த அதிபுத்திசாலி? சொல்லுங்க, நான் இப்பவே கூப்பிட்டுக் கேக்கறேன்!”

மாமாவின் கழுத்து சட்டைக்குள் இறங்கியது. ரூஹிக்கு வகுப்புக்கு வெளியே நின்ற நடைபாதை நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து பார்த்த பையனும்தான்.

அவள் கிளிப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

“அங்கிள், இதோட பூட்டு உடைஞ்சிருக்கு. போன மழைக்கு எலி ஏறிக் கடிச்சதே, அப்பவே உடைஞ்சது. நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாங்க. அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டுட்டோம். பூட்டு இருந்திருந்தா இது கழண்டே வந்திருக்காது. அதனால தப்பு எங்க மேலதான்.”

“ஆமா, நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்” என்றார் சகினா. அவரும் அந்த நகத்தைப் பார்த்துவிட்டார்.

“இருந்தாலும் உள்ள ஏதோ மஞ்சளா...”

“அங்கிள், இந்த டார்ச்சைப் பிடிக்கிறீங்களா? என் கை ஆடுது. உங்க கைதான் ஆடவே ஆடாது.”

நெடுஞ்செழியன் அங்கிளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டார்ச்சை வாங்கி, கலங்கரை விளக்கம் போல அசையாமல் நின்றார். அப்போது ஒரு கொசு அவர் மூக்கில் உட்கார்ந்து காலை உணவு, மதிய உணவு இரண்டையும் முடித்தது. அதற்கும் அவர் அசையவில்லை.

முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் வந்தது. பஞ்சு சுற்றிய காதுக்குச்சி வந்தது. ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் வந்தது. சகினா கிளிப்பையும், அது மாட்டும் காயிலின் கம்பிகளையும் பொறுமையாகச் சுத்தம் செய்தார். இடம் மாறிய இன்னொரு காயிலையும் விடவில்லை.

“நல்லாக் காயணும். ஈரம் இருக்கக் கூடாது” என்றார்.

ரூஹி மாடியைப் பார்த்துக் கத்தினாள். “நிஷாக்கா! தலை காய வைக்கிற மெஷின் வேணும்! அவசரம்!”

“என் தலை பாதி ஈரமா கீதுடி!”

“உங்க தலையா, சுல்தானா?”

நிஷா அக்கா தலைத்துண்டை மறுபடி சுற்றிக்கொண்டாள். பிறகு நீளமான ஒயரில் கட்டி, ஹேர் டிரையர் கிணற்று வாளி மாதிரி பால்கனியிலிருந்து இறங்கியது. சூடில்லாத காற்றை வைத்து ரூஹி கிளிப்பை உலர்த்தினாள். கல்யாணப் பெண் ஈரத் தலையோடு மேலே நின்று, “ஆச்சா? ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வாசலில் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒயர் கட்டுகிற ஒரு பிளாஸ்டிக் டை வாங்கி, கிளிப்பை அழுத்தி மாட்டிக் கட்டினார்கள். இனி எலி வந்து இழுத்தாலும் வராது.

“மாமா, ரைட்!”

மாமா விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. மறுபடி ஊதினார். இரண்டு விசில்.

சகினா சாவியைத் திருப்பினார்.

“டுர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்.”

எல்லோரும் விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். அப்போதும் வரவில்லை. டம், டம், டம். மூன்று பேரும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ரூஹி போனைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

நிஷா அக்கா மேலே குதித்த குதியில் தலைத்துண்டு பறந்து வந்து நெடுஞ்செழியன் அங்கிளின் தலையில் முக்காடு போல விழுந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல, டர்போவுக்கு ஒண்ணும் இல்லைன்னு” என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்து.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மாமா ரூஹியிடம் வந்தார். விசிலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எல்லாரும் வண்டிக்கு வெளியிலதான் பொட்டு வைப்பாங்க. இது என் பொண்ணு போற வண்டியாச்சேன்னு நெஞ்சுல வைக்கலாம்னு பாத்தேன். மூணுல நடுவுல கீதே, அதான் நெஞ்சுன்னு நெனச்சேன். வைக்கசொல்ல அந்தக் கிளிப்பு கையோட வந்துடுச்சும்மா. பயந்து போய் தொடச்சிட்டு சொருவிட்டேன். வெரல்ல கீற சந்தனம் உள்ள போவும்னு தெரியல.”

“தெரியும் மாமா.”

“எப்டி தெரியும்?”

“உங்க நகம் சொல்லிச்சு.”

மாமா நகத்தைப் பார்த்தார். சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சந்தனம் மிச்சம் இருக்கா மாமா?”

“ஒரு கிண்ணம் கீது. இன்னாத்துக்கு?”

“இவ்வளவு பாடுபட்டு சுல்தான் பொட்டே இல்லாம கல்யாணத்துக்குப் போவானா? வந்து வைங்க. நெத்தியில. நெஞ்சு மட்டும் வேணாம்.”

மாமா ஓடினார். அவர் அவ்வளவு வேகமாக ஓடிப் படிகள் பார்த்ததில்லை. சுல்தானின் முன்பக்கத்தில், சரியாக நடுவில், தோசை அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அதன் நடுவில் குங்குமம். ரூஹியின் அத்தா சாப்பாட்டுக் கையோடு வந்து முகர்ந்து பார்த்து, “முதல் தரம்!” என்று சான்றிதழ் கொடுத்தார்.

மாலை ஐந்து மணி. ரோஜாவும் சாமந்தியும் சூடிக்கொண்டு சுல்தான் கிளம்பியது. சகினா ஓட்டினார். முன்னால் மாமா. பின்னால் பட்டுப்புடவையில் நிஷா அக்கா. அவள் பக்கத்தில், கன்னத்துக் கிரீஸைக் கழுவ மறந்த ரூஹி.

ஆழ்வார்பேட்டை மேம்பாலம் வந்தது. காகங்கள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. சுல்தானைக் கண்டதும் பதினேழும் சிறகை விரித்துத் தயாராக நின்றன. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். சகினா அழுத்தி மிதித்தார்.

டர்போ ஊதியது. சுல்தான் சிங்கம் மாதிரி பாய்ந்து ஏறியது.

வண்டி வேகம் எடுத்ததும், நிஷா அக்காவின் மருதாணிக் கை தானாக மேலே போய் எதையோ தேடியது. கம்பி! அங்கே கம்பி இல்லை. திறந்த கூரையும் அதற்கு மேலே வானமும்தான் இருந்தன.

மாமா திரும்பிப் பார்த்தார். “கைய எறக்கும்மா. நல்லா சாஞ்சி உக்காரு. எடம் கீது.”

நிஷா அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேம்பாலம் இறங்கியதும் விசிலை எடுத்து, கன்னம் உப்ப, இரண்டு முறை ஊதினார்.

பக்கத்து நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு பேருந்து, ‘ரைட்’ என்று நினைத்து, ஆளை ஏற்றாமலேயே கிளம்பிப் போய்விட்டது. அதன் கண்டக்டர், விசில் ஊதியது யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.